அந்தக் கறுப்பு கல் இல்லை

நாற்பது படங்களில் இருந்த கறுப்புத் திட்டுகளை எல்லாம் மூன்று நாள் உட்கார்ந்து 'கல்', 'கல்', 'கல்' என்று குறித்து முடித்திருந்தேன். ஒவ்வொரு படத்திலும் தரையில் வைத்த அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம், அதற்குள் கொஞ்சம் பச்சை, நிறைய பழுப்பு, சாம்பல், நடுநடுவே இந்தக் கறுப்பு. முடித்த திருப்தியில் எங்கள் குழுவில் இருக்கும் தாவரவியல் அக்காவுக்கு அனுப்பினேன். அந்தத் தரையில் நேரில் மண்டியிட்டுப் படம் பிடித்தவர் அவர். பத்து நிமிடத்தில் போன் வந்தது. "தம்பி, அந்தக் கறுப்பு கல் இல்ல. கல்லு மேல ஒட்டியிருக்கிற லைக்கன், அதான் கற்பாசி. உயிரோட இருக்கிறத எல்லாம் கல்லுன்னு போட்டு வெச்சிருக்கியே!"

படத்தை முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். எரிந்த காகிதத் துண்டை நடுவில் மட்டும் ஒரு சொட்டுப் பசை வைத்துக் கல்லில் ஒட்டினால் ஓரமெல்லாம் எப்படிச் சுருண்டு தூக்கி நிற்கும், அப்படி இருந்தது. உம்பிலிகாரியா என்று பெயராம். தொப்புளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, ஏனென்றால் நடுவில் தொப்புள் மாதிரி ஒரே ஒரு பிடிப்பில்தான் அது கல்லோடு ஒட்டியிருக்கிறது. அந்தச் சுருண்ட ஓரத்தின் கீழே ஒரு மெல்லிய நிழல்கோடு இருக்கிறது, கல்லில் அது இருக்காது. தெரிந்தபிறகு எல்லாப் படத்திலும் அது கண்ணில் பட்டது. தெரியாதவரை நாற்பது படத்தில் ஒன்றில்கூடப் படவில்லை.

கொஞ்சம் பின்னணி சொல்லிவிடுகிறேன். நான் துருவப் பக்கம் கால் வைத்ததில்லை, பனிக்கரடியைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். என் வேலை கணினி முன்னால். ஸ்வால்பார்டிலிருந்து வரும் தரைப் படங்களில் எத்தனை சதவீதம் பாசி, எத்தனை செடி, எத்தனை லைக்கன், எத்தனை வெற்று மண் என்று நிரல் எழுதிக் கணக்கெடுப்பது. ஸ்வால்பார்டு நார்வேக்குச் சொந்தமான தீவுக்கூட்டம், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இலிருந்து இயங்குகிற நி-ஒலெசுண்ட் அங்கேதான் இருக்கிறது. மரமே கிடையாது. கிடையாது என்றும் முழுசாகச் சொல்ல முடியாது. வில்லோ உண்டு, ஆனால் அது சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் எழும்பாது, தண்டெல்லாம் பாசிக்குள் புதைந்து கிடக்கும், நகத்தளவு இலைகள் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். அங்கே காடு என்று எதையாவது காட்டச் சொன்னால் அதைத்தான் காட்ட வேண்டும்.

இதை ஏன் அளக்க வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மரமில்லாத உறைகுளிர் நிலமான தூந்திரத்தில் தரையை எது மூடியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கீழே இருக்கும் உறைமண் உறைந்தே இருக்குமா இளகுமா என்பது அமைகிறது. வட அரைக்கோளத்தின் உறைமண்ணுக்குள் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் கார்பன் இருக்கிறது, வளிமண்டலத்தில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பாசி மெத்தை கோடையில் வெயிலின் சூட்டைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது. புதர் நேர்மாறு: குளிர்காலத்தில் காற்றில் பறக்கும் பனியைப் பிடித்துக் குவித்துத் தரைக்குக் கம்பளி போர்த்திவிடுகிறது, குளிர் உள்ளே போகாது. வானத்திலிருந்து பார்த்தால் பாசியும் பச்சை, புதரும் பச்சை. தரைக்கு அவை செய்வதோ வேறு வேறு. லைக்கன் வெளிறியிருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும், பல இடங்களில் கலைமான் குளிர்காலத்தில் அதைத் தின்றுதான் பிழைக்கும். ஆக, "பச்சை கூடியிருக்கிறது" என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைகூடச் சொன்னதாகாது.

பழைய முறையில் இதை எப்படிச் செய்கிறார்கள் தெரியுமா? சட்டத்தின் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி நூறு குறுக்குப்புள்ளி உண்டாக்கி, ஒவ்வொரு புள்ளியிலும் மேலிருந்து கீழே ஓர் ஊசியை இறக்கி, அது எதைத் தொடுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். 1990இல் தொடங்கிய ஐடெக்ஸ் என்ற பன்னாட்டுத் தூந்திரச் சோதனையில் ஆர்க்டிக் முழுக்கப் பல இடங்களில், ஒளிபுகும் தடுப்புகளை வைத்துச் செடிகளுக்குச் சற்றே சூடேற்றி, இப்படி ஊசி இறக்கித்தான் பல வருடக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சூடேற்றிய இடங்களில் புதரும் புல்லும் கூடின, பாசியும் லைக்கனும் குறைந்தன என்று தெரிந்தது அப்படித்தான். நல்ல முறை. ஆனால் நேரம் தின்னும். அங்கே வளரும் பருவமே இரண்டு மாதம் போல, அதிலும் மழை, காற்று, பனிமூட்டம். குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும் என்று அக்கா சொல்வார். போதாக்குறைக்குப் பக்கத்தில் நடந்தால் காலடியில் நசுங்குவது வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் மட்டுமே வளர்ந்த உயிர். படமென்றால் ஒரு நிமிடம். எடுத்தோம், நகர்ந்தோம். பத்து வருடம் கழித்து யாராவது புதுக் கேள்வியோடு வந்தாலும் அதே படத்தைத் திரும்பத் திறந்து பார்க்கலாம், ஊசி போட்ட இடத்துக்கு அப்படிப் போக முடியாது.

கணக்கிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நூறு புள்ளியில் 7 இடத்தில் லைக்கன் பட்டால் 7 சதவீதம் என்று எழுதுவோம். புள்ளிகள் தற்செயலாக விழுந்தவை என்று வைத்துக்கொண்டால் அந்த 7க்குப் பின்னால் நிஜத்தில் 2லிருந்து 12 வரை எதுவும் ஒளிந்திருக்கலாம். அடுத்த வருடம் 10 வந்தால் கூடியிருக்கிறதா, ஊசி கொஞ்சம் தள்ளி விழுந்ததா? சொல்ல முடியாது. படத்தில் நூறு புள்ளிக்குப் பதில் எல்லாப் புள்ளியையும் பார்க்கலாம். அரை மீட்டரை 4,000 பிக்சலாகப் பிரித்தால் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு, சட்டத்துக்குள் மொத்தம் 1.6 கோடி பிக்சல். தற்செயல் பிழை போயே போச்சு என்று ஆரம்பத்தில் குதூகலித்தேன். உண்மையில் அது போய் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. ஊசி இப்படியும் தவறும், அப்படியும் தவறும், நிறைய சட்டம் போட்டால் சரியாகிவிடும். நிரல் தவறினால் எல்லாப் படத்திலும் ஒரே பக்கம்தான் தவறும். நாற்பது படத்திலும் கல் என்று போட்ட என்னை மாதிரி.

சரி, நிரல் என்ன செய்கிறது? பச்சையைத் தேடுவதுதான் எல்லாரும் முதலில் செய்வது. ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். பச்சையை இரண்டால் பெருக்கி, அதிலிருந்து சிவப்பையும் நீலத்தையும் கழித்தால் போதும். ஓர் இலை 90, 120, 60 என்று வைத்துக்கொள்வோம், விடை 90. சாம்பல் கல் 120, 120, 120, விடை 0. எவ்வளவு சுத்தமாகப் பிரிகிறது! வயலில் பயிரையும் மண்ணையும் பிரிக்க இது அருமையாக வேலை செய்யும், அதற்காகத்தான் உண்டாக்கினார்கள். இப்போது சிவந்துபோன ஒரு பாசித் திட்டு, 120, 80, 60. விடை கழித்தல் 20. அதாவது உயிருள்ள பாசி செத்த கல்லைவிடக் கீழே போய்விட்டது.

சிவப்புப் பாசி என்பது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். கிழக்கு அண்டார்டிக்காவில், ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்துக்குப் பக்கத்தில் விண்ட்மில் தீவுகள் இருக்கின்றன. அண்டார்டிக்காவிலேயே செழிப்பான பாசித் திட்டுகளில் சில அங்கே. ஷரோன் ராபின்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து ஒரே இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து 2018இல் எழுதினார்கள்: அந்தப் பகுதி உலர்ந்துகொண்டு வருகிறது, ஈரத்தை விரும்பும் பாசியின் இடத்தில் வறட்சியைத் தாங்கும் வகைகள் வந்துகொண்டிருக்கின்றன. அங்கே நிறமே ஒரு மருத்துவ அறிக்கை மாதிரி. நலமாக இருந்தால் பச்சை. தண்ணீர் குறைந்து வெயில் சுட்டால் பச்சையம் குறைந்து, காப்பு நிறமிகள் கூடிச் சிவப்பு. அதற்கும் மேல் போனால் சாம்பல், சாகும் நிலை. பச்சையை மட்டும் எண்ணும் நிரல் சிவப்பைப் பார்த்ததும் 'இங்கே பாசி இல்லை' என்று சொல்லிவிடும். பாசி அங்கேயேதான் இருக்கிறது, உடம்புக்கு முடியவில்லை, அவ்வளவுதான். அதனால் அங்கே வேலை செய்பவர்கள் பச்சைப் பாசி, சிவப்புப் பாசி, சாம்பல் பாசி என்று மூன்றாகவே பிரித்து எண்ணுகிறார்கள். எனக்கு இது பளிச்சென்று உறைத்தது. எத்தனை வகையாகப் பிரிப்பது என்பதை நிரல் எழுதுகிறவன் தீர்மானிக்கக் கூடாது, அந்த உயிரைத் தெரிந்தவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

(தமிழிலேயே ஒரு சிக்கல் உண்டு. குளத்தில் மிதப்பதும் பாசி, சுவரில் படர்வதும் பாசி, கல்லில் ஒட்டியிருப்பது கற்பாசி. நான் இங்கே பாசி என்று சொல்வதெல்லாம் சுவரில் மெத்தையாகப் படர்கிறதே, அந்த வகை. லைக்கன் வேறு: பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்துவது. பார்த்தீர்களா, இந்த வாக்கியத்திலேயே பாசிக்குப் பொருள் மாறிவிட்டது.)

அடுத்த தலைவலி ஈரம். ஒரே சதுரத்தை இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படம் என்னிடம் இருக்கிறது, ஒன்று உலர்ந்த நாளில், ஒன்று தூறல் நின்ற கையோடு. நிரல் முதல் படத்துக்குச் சொன்ன பச்சையும் இரண்டாவதுக்குச் சொன்ன பச்சையும் ஒட்டவே இல்லை. இரண்டு நாளில் எதுவும் வளரவில்லை, குடித்திருக்கிறது. பாசிக்குத் தண்ணீரைச் சேமித்து வைக்கும் வேரோ தண்டோ கிடையாது, காற்று உலர்ந்தால் கூடவே உலர்ந்து சுருங்கும், நனைந்தால் சில நிமிடத்தில் விரிந்து நிறம் ஏறும். லைக்கனிலும் இப்படி உண்டு. பெல்டிஜெரா வகை ஒன்று உலர்ந்திருக்கும்போது மங்கிய சாம்பலாகக் கிடந்து நனைந்ததும் இலையைப் போலப் பச்சை காட்டும், உள்ளே குடியிருக்கும் பாசி வெளியே தெரிவதால். மழை நாளில் அது செடிக் கணக்கில் சேரும், வெயில் நாளில் மண் கணக்கில். அதனால் இப்போதெல்லாம் படத்தோடு கடைசியாக மழை பெய்த நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். முதல் வருடப் படங்களுக்கு அந்தக் குறிப்பு இல்லை, அவற்றை வைத்து என்ன செய்வது என்று இன்னும் முழித்துக்கொண்டிருக்கிறேன்.

நிழலை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அங்கே இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம், எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாமே என்றுதான் எனக்கும் தோன்றியது. வெளிச்சம் உண்டு, ஆனால் சூரியன் தலைக்கு மேல் வருவதே இல்லை. 78 டிகிரி அட்சத்தில் ஜூன் மாத நண்பகலில்கூட அடிவானத்திலிருந்து 35 டிகிரிதான், நள்ளிரவில் 11 டிகிரி போல. கணக்குப் போட்டால் நண்பகலில் நிழலின் நீளம் பொருளின் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் கிட்ட, நள்ளிரவில் ஐந்து மடங்கு. இரண்டு சென்டிமீட்டர் உயரப் பாசிக் குமிழ் பத்து சென்டிமீட்டருக்கு நிழல் நீட்டும், அரை மீட்டர் சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீளம். நிழலுக்குள் எல்லாமே கறுப்பு. கறுப்பென்றால் கல்லா, லைக்கனா, ஈர மண்ணா, நிழலா?

மேகமூட்டமான நாள்தான் எங்களுக்கு நல்ல நாள். இல்லாவிட்டால் வெள்ளைக் குடை பிடித்து வெயிலைப் பரப்பி எடுக்கச் சொல்வோம். நீலவானத்தின் கீழே நிழல் கட்டி எடுத்தால் எல்லாம் லேசாக நீலம் பாய்ந்து வரும், அதைத் திருத்தச் சட்டத்தின் ஓரத்தில் ஒரு சாம்பல் அட்டை வைத்தாக வேண்டும். கேமராவைத் தானியங்கி ஒயிட் பேலன்ஸில் விட்டால் பச்சை கூடுதலாக இருக்கும் படத்தில் பச்சையைக் குறைத்துத் தரும், தனக்குத் தெரிந்த நியாயத்தைச் செய்கிறது. கலர் திருத்தாத ரா ஃபைல் கொடுங்கள் என்று நான் கெஞ்சுவதும், மெமரி கார்டில் இடமில்லை என்று அவர்கள் ஜேபெக் அனுப்புவதும் வருடாந்திரத் திருவிழா.

பிக்சல் பிக்சலாகப் பார்ப்பதை விட்டு ஆப்ஜெக்ட் முறைக்கு மாறியபிறகு வேலை கொஞ்சம் தேறியது. ஒத்த நிறமும் ஒத்த இழையமைப்பும் உள்ள பிக்சல்களை முதலில் ஒரு துண்டாகச் சேர்த்துக்கொண்டு, அப்புறம் அந்தத் துண்டு என்ன என்று கேட்பது. துண்டு என்றால் அதற்கு வடிவம் இருக்கிறது, ஓரம் இருக்கிறது, சொரசொரப்பு இருக்கிறது. உம்பிலிகாரியாவின் சுருண்ட ஓரம் நிறத்தில் தெரியாது, வடிவத்தில் தெரியும். துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று நாம்தான் ஓர் எண் கொடுக்க வேண்டும், அதில்தான் சூட்சுமம். பெரிதாகக் கொடுத்தால் வில்லோ இலையும் அதன் கீழே இருக்கும் பாசியும் ஒரே துண்டாகிவிடும். சிறிதாகக் கொடுத்தால் ஒரே இலை நரம்போரமாக நான்காக உடையும். இதற்கு ஒரு சூத்திரம் இருக்கும் என்று ஒரு மாதம் தேடினேன். கடைசியில் கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வைத்தேன். டீப் லேர்னிங் வந்தபிறகு அந்த எண்ணைக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் அதற்குக் கற்றுக்கொடுக்க ஆயிரக்கணக்கில் சரியான குறிப்பு வேண்டும். குறிப்பவன் நான். கல் கதை ஞாபகம் இருக்கிறதல்லவா.

துல்லியம் எத்தனை சதவீதம் என்று கேட்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். சட்டத்தில் 80 சதவீதம் வெறும் கல் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கல் என்று சொன்னாலே 80 சதவீதத் துல்லியம் கையில். உயிர் மொத்தமும் மிச்ச 20க்குள். எந்த வகையை எந்த வகையோடு குழப்புகிறது என்ற அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும், அதிலும் அபூர்வமான வகையின் வரிசையை முதலில்.

அந்த அட்டவணையைச் சரிபார்க்க 'உண்மை' என்று ஒன்று வேண்டுமே, அது யார் சொன்ன உண்மை? நானும் அக்காவும் ஒரே படத்தைத் தனித்தனியாகக் குறித்துப் பார்த்தோம். லைக்கனில் நான் தோற்பேன் என்று தெரியும். டிரையாஸில் சண்டையே வந்துவிட்டது. எட்டு வெள்ளை இதழ் விடும் குட்டிச் செடி அது, ஆர்க்டிக்கில் நிறைய இடங்களில் பார்க்கலாம். அதன் பழைய இலைகள் காய்ந்தும் உதிராமல் வருடக்கணக்கில் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். நான் அதைச் சருகு என்று போட்டிருந்தேன். அவர் செடி என்று போட்டிருந்தார். "செத்த இலைதானே அக்கா?" "செத்ததுதான், ஆனா கழண்டு விழலையே. அந்தச் செடிக்கு அதுதான் போர்வை." பதினைந்து நிமிட வாக்குவாதத்துக்குப் பிறகு 'ஒட்டியிருக்கும் காய்ந்த இலை' என்று புது வகை ஒன்று திறந்தோம். நிரலுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்று கூடியது, சண்டை தீர்ந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊசி படத்தை எப்போதும் தோற்கடிக்கும். ஊசி மேலே இலையைத் தொடும், இன்னும் இறக்கினால் கீழே பாசியைத் தொடும், இரண்டையும் எழுதலாம். படத்துக்கு மேலே இருப்பது மட்டும்தான் தெரியும். வில்லோ இலை நன்றாக விரிந்த வருடத்தில் என் நிரல் 'பாசி குறைந்துவிட்டது' என்று அறிக்கை கொடுக்கும். பாசி ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையாமல் இலையின் கீழே நிம்மதியாக இருக்கும். இதற்குத் தந்திரம் எதுவும் இல்லை. வருடா வருடம் ஒரே வாரத்தில் எடுக்கலாம், கொஞ்சம் சட்டங்களில் ஊசியும் சேர்த்து இறக்கலாம், மிச்சத்துக்கு 'மேலிருந்து தெரிந்த பரப்பு' என்று தெளிவாக எழுதிவிடலாம்.

இவ்வளவும் கால் சதுர மீட்டருக்குள் நடக்கும் கூத்து. வானத்துக்குப் போனால் இன்னொரு கதை. 2015இலிருந்து பறக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோளின் ஒரு பிக்சல் 10 மீட்டருக்கு 10 மீட்டர், நூறு சதுர மீட்டர். எங்கள் சட்டங்கள் 400 அதற்குள் அடங்கும். 400 சட்டம், சட்டத்துக்கு 1.6 கோடி பிக்சல், ஆக 640 கோடி. நான் வருடக்கணக்கில் உட்கார்ந்து கல்லா லைக்கனா என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் 640 கோடிப் புள்ளிகள் அங்கே ஒரே ஒரு கட்டம். லேண்ட்சாட் செயற்கைக்கோளின் கட்டம் இன்னும் பெரிது, 30 மீட்டர். ஆனால் அதனிடம் 1980களிலிருந்து படம் இருக்கிறது, அந்தச் சொத்து வேறு யாரிடமும் இல்லை. நடுவில் டிரோன்: ஒரு பிக்சல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர், காற்று விட்டால். எங்கள் சட்டத்துக்கும் செயற்கைக்கோளுக்கும் நடுவே ஏணிப்படி மாதிரி.

செயற்கைக்கோளிடம் நமக்கில்லாத ஒரு கண் இருக்கிறது, அண்மை அகச்சிவப்பு. இலை சிவப்பு ஒளியை விழுங்கும், அகச்சிவப்பைத் திருப்பி அடிக்கும். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் என்.டி.வி.ஐ. என்ற பசுமை எண். நல்ல இலை சிவப்பில் 5 சதவீதம், அகச்சிவப்பில் 50 சதவீதம் திருப்பினால் 0.82 வரும். வெளிறிய லைக்கன் 30, 40 என்று திருப்பினால் 0.14தான். மண்ணே அந்த அளவுக்கு வரும். அதாவது நான் செய்த அதே தவறை அது விண்வெளியிலிருந்து செய்கிறது, இன்னும் பெரிய பரப்பில்.

ஆர்க்டிக் பச்சையாகிறது என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள். பொய் இல்லை. அலாஸ்காவின் வடசரிவில் 1940களின் கடைசியில் விமானத்திலிருந்து எடுத்த பழைய கறுப்புவெள்ளைப் படங்களைத் தேடிப்பிடித்து, அதே கோணத்தில் 1999, 2000 வாக்கில் மறுபடி எடுத்து, புதர்கள் பெருத்திருப்பதையும் பரவியிருப்பதையும் ஸ்டர்ம், ராசின், டேப் மூவரும் 2001இல் காட்டினார்கள். பட ஆய்வு என்றால் எனக்கு இன்றுவரை மிகவும் பிடித்தது அதுதான். நிரலும் இல்லை, சூத்திரமும் இல்லை. ரெண்டு படத்தைப் பக்கத்தில் வைத்தால் புதர் பெரிதாகியிருப்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் எண் கூடிய இடமெல்லாம் செடி கூடிய இடம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கட்டத்துக்குள் குட்டை ஒன்று இருந்து வற்றினாலே என்.டி.வி.ஐ. ஏறும், தண்ணீருக்கு அது எதிர்மறை எண் என்பதால். பனி ஒரு வாரம் முன்னால் உருகினாலும் ஏறும். புதிதாக ஓர் இலைகூட முளைக்காமல்.

தென்துருவத்தில் இந்தக் கணக்கு இன்னும் நுணுக்கம். 2024இல் அடுத்தடுத்து இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று அண்டார்டிக் தீபகற்பத்தை லேண்ட்சாட்டில் பார்த்து, தாவரப் பரப்பு 1986இல் 0.86 சதுர கிலோமீட்டராக இருந்தது 2021இல் 11.95 ஆகியிருக்கிறது என்றது. மற்றொன்று சென்டினல்-2 படங்களில் கண்டம் முழுக்கத் தேடி, ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர் 44.2 சதுர கிலோமீட்டருக்கு இருக்கிறது என்றது. முதல் எண் பத்திரிகைகளில் எல்லாம் 'பச்சையாகும் அண்டார்டிக்கா' என்று ஓடியது. அந்தப் போக்கை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்தால் என் தொழில்புத்தி ஒன்றைக் கேட்கும்: எந்த எண்ணுக்கு மேல் தாவரம் என்று எல்லைக்கோடு போட்டார்கள்? கோட்டுக்கு ஒரு இழை கீழே இருந்தால் அந்தக் கட்டம் பூஜ்யம், ஒரு இழை மேலே ஏறினால் மொத்த 900 சதுர மீட்டரும் தாவரம். உள்ளே பாசி கொஞ்சம்தான் பரவியிருக்கும், கணக்கில் கட்டமே புரண்டுவிடும். அப்புறம், இயற்கையாக வளரும் பூக்கும் தாவரம் இரண்டே இரண்டுதான் அந்தக் கண்டத்தில், ஒரு புல், ஒரு குட்டிச் செடி. லைக்கனோ நூற்றுக்கணக்கான வகை, பாறை பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பாக, சாம்பலாக, ஆரஞ்சாக. பச்சையை வைத்துப் போடும் எந்தக் கணக்கிலும் அதில் பெரும்பகுதி வராது.

சரி, என் நாற்பது படங்களுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் திரும்ப முதலிலிருந்து குறித்தேன், இந்த முறை மூன்று நாள் ஆகவில்லை, இரண்டு வாரம். 'கறுப்பு லைக்கன்' என்று தனி வகை. அதோடு அக்கா பிடிவாதமாக இன்னொரு வகையும் சேர்க்கச் சொன்னார்: 'தெரியவில்லை'. எனக்கு அதில் விருப்பமே இல்லை, வேலை தெரியாதவன் போட்டது போல இருக்கும் என்று பயம். ஆனால் நிழலுக்குள் கிடக்கும் கறுப்பை எதில் போடுவது? இப்போது சில படங்களில் அந்த வகை பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது, அப்படியே அறிக்கையில் போகிறது. யாரும் இதுவரை திட்டவில்லை. ஒருவர் மட்டும், "மத்த குழுக்கள்ள இது பூஜ்யமா இருக்கே, உங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?" என்று கேட்டார்.

போன வாரம் இந்த வருடத்துக்கான முதல் தொகுதிப் படம் வந்தது. புதிதாகக் கற்றுக்கொண்ட நிரலை ஓட்டினேன். மூன்றாவது படத்தில் வலது மூலையில் ஒரு பெரிய கறுப்பு லைக்கன், ஓரம் அழகாக வளைந்து, கீழே மெல்லிய நிழல்கோடு, நிரல் 97 சதவீத உறுதியோடு சொல்கிறது. இவ்வளவு பெரியதை நான் பார்த்ததே இல்லை. பெரிதாக்கினேன். அக்காவின் பூட்ஸ் நுனி.